குதிரை இல்லாத வெள்ளிக் குதிரை வீரன்

ஒரு காலத்தில் நன்றாகச் செய்தவர் பிறகு மோசமாகச் செய்யத் தொடங்கினால், அவரை நம்பியிருந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? படித்தவர்கள் இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். சிலர், தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அவர்மீது சந்தேகம் உண்டு என்பார்கள். மற்றவர்கள், மோசமானதற்கு உள்ளேயும் ஓர் ஆழம் இருக்கிறதென்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். மேகப்பாறை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி இந்த இரண்டையும் செய்யவில்லை. அவள் திருத்தினாள்.

மேகப்பாறை, மூணாறிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற சாலையில், பேருந்து நிற்க யோசிக்கிற இடத்தில் இருந்தது. சினிமாக் கொட்டகை வேண்டுமென்றால் மலையிறங்கிப் போடிக்குப் போக வேண்டும். முத்துப்பேச்சியின் அக்காள் ராமுத்தாய் போடியில் இருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு முத்துப்பேச்சி பஸ் ஏறுவாள். அவள் புருஷன் பிச்சைமணிக்கு அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே வாந்தி வந்துவிடும். ஆகவே அவன் கூடப் போனதில்லை. அக்காளைப் பார்க்கிற நேரம் போக மீதி நேரத்தில் அவள் மேட்னி பார்த்தாள் என்று சொல்லக்கூடாது. மேட்னி போக மீதி நேரத்தில் அக்காளைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மஸ்டரில் ஆள் கணக்கு எடுத்து முடிந்து மலையேறியதும் கதை தொடங்கும். பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துத் தேயிலைக்குள் நகர்வார்கள். முத்துப்பேச்சிக்கு நடு நிரை. குரல் இரண்டு பக்கமும் போக வேண்டுமே. பின்தங்குகிறவளுக்குக் கதை கேட்காது. அதனால் யாரும் பின்தங்கவில்லை. இதைக் கங்காணி பெரியமுத்து மிகச் சீக்கிரத்தில் கண்டுபிடித்தார். கொழுந்தின் எடை கூடியது. அவர் கதையைத் தடுக்காததற்குக் காரணம் கலையார்வம் என்று அவரே பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்.

இரண்டரை மணி நேரப் படம், மேகப்பாறையில் மூன்று நாள் ஓடும். முத்துப்பேச்சிக்குப் பாட வராது. பாட்டு வருகிற இடத்தில், "பாட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். ஒரு பாட்டுக்குரிய நேரம் முழுக்கப் பன்னிரண்டு பேரும் பேசாமல் கொழுந்து எடுப்பார்கள். பிறகு, "பாட்டு முடிஞ்சிட்டு" என்பாள். கதை நகரும். சண்டைக் காட்சியில் கைகள் நின்றுவிடும்.

"ஏம்மா, இந்தப் படத்துல சண்டை சாஸ்தியா இருக்கே," என்பார் பெரியமுத்து. "பாட்டே கிடையாதா?"

"நேத்தே நாலு போயிட்டு அண்ணாச்சி."

"இன்னும் ரெண்டு வையி. யாரு கேக்கப் போறா."

அவள் வைக்க மாட்டாள். அந்த நாட்களில், படத்தில் இல்லாததை அவள் சேர்த்ததில்லை. இதைப் பக்கத்து நிரைக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியுமான கத்தரீனாளே சோதித்துப் பார்த்திருக்கிறாள். கத்தரீனாள் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பாதிரியாரின் பிரசங்கத்திலேயே இரண்டு தப்புக் கண்டுபிடித்தவள். ஒருமுறை உடம்புக்குப் பார்க்கப் போடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முத்துப்பேச்சி சொன்ன ஒரு படத்துக்குத் தானும் போய் உட்கார்ந்தாள். திரும்பி வந்து, "சட்டைக் கலரு வரைக்கும் சரியா இருக்குட்டி," என்று நிரை முழுக்க அறிவித்தாள். அதன்பிறகு முத்துப்பேச்சி சொன்னதுதான் படம்.

எல்லாப் படங்களையும் சொன்னாளே தவிர, அவளுக்கு உண்மையில் ஒரே ஒரு டைரக்டர்தான் இருந்தார். பெயர் அர்த்தநாரி. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோபாலபுரத்துக்காரர். 'பாதி வழி டிக்கெட்' என்ற படத்தில் பட்டணமே அவரைத் தூக்கி வைத்துக்கொண்டது. அந்தப் படத்தில் ஒரு பெண் ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு, காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய சோறு தின்பாள். பாட்டில்லை, பேச்சில்லை, முகமும் தெரியாது. போடியில் பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் பொறுமையிழந்து விசிலடித்தார்கள். முத்துப்பேச்சி விசிலடித்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதுகைக் காட்டிட்டுச் சோறு திங்கிறவள அவன் பாத்திருக்கான்," என்று மறுநாள் நிரையில் சொன்னாள். "மத்தவனெல்லாம் சோத்தைத்தான் பாத்திருக்கான்."

அதற்குப் பிறகு வந்த 'கல்யாணத்துக்கு மறுநாள்', 'ஏழாவது படி' இரண்டையும் அவள் நான்கு நாள் வீதம் சொன்னாள். நிரையில் அவர் 'நம்ம அர்த்தநாரி' ஆனார்.

எழுபத்து நான்கில் 'வெள்ளிக் குதிரை வீரன்' வந்தது. கலர் படம். ஒரு ராஜகுமாரன், ஒரு வெள்ளைக் குதிரை, அதற்கு நெற்றியில் ஜிகினா. ராஜகுமாரன் பேசாத நேரத்தில் குதிரை தலையாட்டியது. முத்துப்பேச்சி படம் முடிந்து, அக்காளைப் பார்க்காமலே பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை, முதல் கூடை நிறைகிற வரை தலைவலி என்றாள். மற்ற பதினொரு பேரும் காத்திருந்தார்கள்.

"படம் எப்படிட்டி?" என்றாள் கத்தரீனாள்.

முத்துப்பேச்சி ஒரு செடி தாண்டினாள், இன்னொரு செடி தாண்டினாள். பிறகு, "ஒரு ரயில்வே கேட்டு," என்றாள்.

படத்தில் ரயில்வே கேட் ஒன்று இருந்தது பொய்யில்லை. குதிரை அதைத் தாண்டிக் குதிக்கும். கண் சிமிட்டினால் தெரியாது. முத்துப்பேச்சி குதிரையைக் கழற்றிவிட்டுக் கேட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். அவள் சொன்ன படத்தில் கேட்டைக் காக்கிறவன் ஒருவன். ரயில் வருகிறதென்று சாத்திவிட்டான். அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி வந்து நிற்கிறது. உள்ளே பிரசவ வலியில் அவன் பெண்டாட்டி. ரயிலைக் காணோம். வண்டிக்காரன் திட்டுகிறான், மாமியார் மண்ணை வாரித் தூற்றுகிறாள். இவன் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ரயில் வருகிறது. ஒரே ஒரு பெட்டி. அதில் யாரும் இல்லை. அது போன பிறகு கேட்டைத் திறக்கிறான். வண்டிக்குள் குழந்தை அழுகிற சத்தம்.

பெரியமுத்து தன் வாழ்நாளில் முதல்முறையாக எடை குறைந்ததற்குத் திட்டவில்லை. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கத்தரீனாள் கேட்டாள்: "எல்லாஞ் சரி, குதிரை எங்கட்டி?"

"பாதிப் படத்துல செத்துப்போச்சாம். பேரை மாத்துறதுக்குள்ள போஸ்டர் ஒட்டிட்டாங்க."

"பாவம்," என்றாள் கத்தரீனாள்.

முத்துப்பேச்சி விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அர்த்தநாரி மறுபடியும் ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும். அதுவரை மேகப்பாறையில் அவர் பெயர் கெடக்கூடாது. மனிதனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், அடுத்ததில் எழுந்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். அடுத்தது இன்னும் மோசமாக இருந்தது. அதையும் திருத்தினாள். இப்படியாக, சென்னையில் அர்த்தநாரி சரிந்துகொண்டே வந்த இரண்டு ஆண்டுகளில், மேகப்பாறையில் அவர் ஏறிக்கொண்டே போனார்.

எழுபத்தாறில் எஸ்டேட் கிளப்பின் ஆண்டு விழாவுக்கு மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவதென்று முடிவாயிற்று. எந்தப் படம் என்று தொழிலாளர்களையே கேட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் 'வெள்ளிக் குதிரை வீரன்' என்றார்கள்.

"ஏதாவது சாமி படம் போடலாமே," என்றாள் முத்துப்பேச்சி.

"எந்தச் சாமி?" என்று கத்தரீனாள் கேட்டதும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

கிளப் புரொஜெக்டரை ஓட்டுகிறவன் சுவக்கீன். டீ ஃபேக்டரியில் ஃபிட்டர், கத்தரீனாளின் புருஷன். அதிகம் பேசாதவன். அவன் பேச வேண்டியதையும் கத்தரீனாளே பேசிவிடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து தகரப்பெட்டிகளில் வந்த ரீல்களை அவன் வரிசையாகப் போட்டான். முதல் காட்சியிலேயே குதிரை வந்தது. "சாகப் போற குதிரை," என்று கத்தரீனாள் பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கினாள். குதிரை சாகவில்லை. நடுவில் ரயில்வே கேட் வந்தபோது மைதானமே கைதட்டியது. குதிரை கேட்டைத் தாண்டியது. கைதட்டல் பாதியில் நின்றது. ராஜகுமாரன் அரண்மனைக்குப் போனான், கல்யாணம் செய்தான், குதிரை தலையாட்டியது, சுபம் என்று போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. மீதி வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஒருவன், "ரீலைக் காணோம்," என்றான்.

அவ்வளவுதான். மாட்டுவண்டி எங்கே, மாமியார் எங்கே, ஒற்றைப் பெட்டி ரயில் எங்கே என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். படம் மோசமென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நல்ல பாதியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கத்தரீனாள் புரொஜெக்டர் பக்கம் போனாள்.

"ரீலை யாருக்கு வித்தீரு?"

"வந்ததே அஞ்சுதான்," என்றான் சுவக்கீன்.

"முத்துப்பேச்சி மூணு நாள் சொன்ன படம். இது ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருக்கு. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சீரா?"

அன்று சுவக்கீனுக்குச் சோறு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யூனியன்காரர்கள் காணாமல்போன ரயில்வே கேட்டைத் திரும்பத் தரும்படி மலையாளத்தில் ஒரு மனு எழுதினார்கள். திங்கட்கிழமை யாரும் மஸ்டருக்குப் போகவில்லை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. மானேஜர் துரை குடகுக்காரர். தமிழ் அரைகுறை, சினிமா அதுவும் இல்லை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: எஸ்டேட் பொறுப்பில் வந்த பொருளில் பாதி திருடு போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை விசாரணை, குற்றம் உறுதியானால் சுவக்கீனுக்கு ஃபேக்டரி வேலையும் போய்விடும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

முத்துப்பேச்சி அந்த நோட்டீஸை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிச்சைமணியிடம் உண்மையைச் சொன்னாள்.

"அப்ப அந்தக் கேட்டு?" என்றான் பிச்சைமணி.

"நான்தான்."

"மாமியாக்காரி?"

"அதுவும் நான்தான்."

"அவ பேச்சு எங்கயோ கேட்ட மாதிரி இருந்திச்சி. எங்க அம்மைதானே அது?"

முத்துப்பேச்சி அடுப்பை ஊதப் போனாள். பிச்சைமணிக்கு அந்த வருத்தம் வேறு பல வருஷம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முற்றத்தில் எஸ்டேட்டே கூடியிருந்தது. மேசைக்குப் பின்னால் துரை, பக்கத்தில் ஹெட் கிளார்க். சுவக்கீன் ஐந்து தகரப்பெட்டிகளோடு நின்றான். முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரீலு ஒண்ணும் போகலய்யா. நீங்க பாத்ததுதான் படம். மத்ததெல்லாம் நான் சேத்தது."

பாராட்டு என்பது எவ்வளவு விசித்திரமான வழிகளில் வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம். அவளை ஒருவரும் நம்பவில்லை.

"சும்மா கெட," என்றாள் கத்தரீனாள். "எம் புருஷனக் காப்பாத்தணும்னு பொய் சொல்லுதா. அந்த ரயிலு எவ்வளவு பெரிய மூளையில வந்தது. கொழுந்து கிள்ளுற நீ அதை யோசிச்சியாக்கும்?"

"யோசிச்சேன்."

"எங்க வச்சு?"

"எட்டாம் நம்பர் மலையில. உம் பக்கத்துல நின்னுதான்."

கூட்டம் சிரித்தது. பெரியமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படின்னா இப்ப ஒண்ணு சொல்லு பாப்போம். யாரும் எடுக்காத படமா," என்றார்.

முத்துப்பேச்சி சுற்றிலும் பார்த்தாள். தகரப்பெட்டிகளைப் பார்த்தாள்.

"ஒரு ஊரு," என்றாள். "அங்க ஒருத்தன் படம் ஓட்டுதான். பேச மாட்டான். பொண்டாட்டிதான் பேசுவா. ஒரு நாளு, படத்துல ஒரு துண்டைக் காணோம்னு ஊரு அவனப் பிடிக்குது. அவன் இல்லங்கான். பொண்டாட்டி, நீதான் கள்ளன்னு சொல்லுதா. அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னா அது வேதம். பக்கத்து வீட்டுக்காரி யாருன்னா, ஊருலயே பெரிய பொய்க்காரி."

சிரித்தவர்கள் இரண்டடி முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

"அவன் அன்னிக்குப் பட்டினி. பானையில சோறு இருக்கு. எடுத்துத் திங்கல. மூடிய மட்டும் தெறந்து பாத்துட்டு மூடுதான். அவ முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கா. மூடிச் சத்தம் கேக்குது. எந்திரிச்சுப் போகணும்னு இருக்கு. போகல."

சுவக்கீன் தலையைக் குனிந்துகொண்டான். ஹெட் கிளார்க் துரையின் காதில் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் அவரும் நிறுத்திவிட்டார்.

"அந்தப் பொண்டாட்டி பேரு என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னும் வைக்கல," என்றாள் முத்துப்பேச்சி.

கத்தரீனாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பின்ன என்ன ஆச்சு?" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"தெரியாது. இவ்வளவுதான் யோசிச்சிருக்கேன்."

துரை கிளார்க்கைத் தட்டி, பிறகு என்ன ஆயிற்றென்று கேட்டார். பதில் இல்லாததால் விசாரணை முடிந்ததாக எழுதிக்கொள்ளச் சொன்னார். யூனியன்காரர்கள் மனுவைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார்கள். சுவக்கீன் வேலைக்குப் போனான். மத்தியானம் கத்தரீனாள் அவனுக்கு ஃபேக்டரி வாசலுக்கே சோறு கொண்டுபோனாள். வழியில் முத்துப்பேச்சியைப் பார்த்து, "மூடிச் சத்தம் உனக்கு எப்படிட்டி கேட்டுது?" என்றாள்.

"நடுவுல ஒத்தச் சுவருதானே."

அதற்குப் பிறகு ஒரு மாதம் நிரையில் கதை இல்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. எதை நம்புவதென்று தெரியாமல் எல்லோரும் கொழுந்தை மட்டும் பார்த்தார்கள். எடை குறைந்தது. பெரியமுத்துவே வந்து, "பொய்யா இருந்தாலும் பரவால்ல, ரெண்டு பாட்டாவது சொல்லு," என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் மறுபடி சொல்லத் தொடங்கினாள். ஆனால் அர்த்தநாரி பெயரை யாரும் எடுக்கவில்லை. தப்பித்தவறி அவர் பெயர் வந்தால் யாராவது குதிரை மாதிரித் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். முத்துப்பேச்சி அந்தச் சிரிப்பில் ஒருபோதும் சேரவில்லை.

எழுபத்தெட்டில் பேப்பரில் வந்ததாகச் சுவக்கீன் ஒரு செய்தி சொன்னான். 'லண்டனில் லட்சுமணன்' படம் ஒரு வாரம்கூட ஓடாமல் போன பிறகு, டைரக்டர் அர்த்தநாரி சொந்த ஊர் கோபாலபுரத்தில் தம்பி வீட்டில் இருந்துகொண்டு அடுத்த படத்துக்குக் கதை எழுதுகிறாராம்.

கத்தரீனாளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஒரு வாரமாகவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன்கிட்ட கதை இல்ல. உன்கிட்ட கேட்டு இருக்கு, மாட்டுவண்டி இருக்கு, எம் புருஷன் பட்டினி கெடந்தது இருக்கு. போய்ச் சொல்லு. எடுக்கட்டும். நம்ம அர்த்தநாரி மறுபடி எந்திரிச்சா உனக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்," என்றாள் முத்துப்பேச்சி.

இருவரும் கிளம்பினார்கள். முதலில் மூணாறு, பிறகு மறையூர் வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம். நான்கு பஸ். வழி நெடுக முத்துப்பேச்சி உதட்டுக்குள் என்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததாகக் கத்தரீனாள் சொன்னாள். உடுமலையில் டீ குடிக்கும்போது, "ரயிலு ஒரு மணி நேரம் கழிச்சு வரணுமா, ரெண்டு மணி நேரமா?" என்று கேட்டாளாம். ஆக, சொல்லும் எண்ணத்தோடுதான் போயிருக்கிறாள்.

கோபாலபுரம் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு மனிதர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அது அவர் வேலை இல்லை; அவர்தான் அர்த்தநாரி என்று டீக்கடைக்காரர் காட்டினார். "ஏனுங்க, இன்னும் ரெண்டடி பின்னால. ஆங், அங்கயே நில்லுங்க," என்று கையைக் காட்டினார். டிரைவர்கள் கேட்டார்கள். பிறகு டீக்கடைக்கு வந்து, எதிரில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"வாங்கம்மிணி. உக்காருங்க. எந்தூருங்க?"

"மூணாறு பக்கம், எஸ்டேட்டுங்க," என்றாள் கத்தரீனாள்.

"அத்தன தூரமா? அங்கயெல்லாம் குளிருமே." கடைக்காரரிடம் சூடாக இரண்டு டீ போடச் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் என்று பார்க்காமல், கையில் வைத்திருந்த நோட்டைத் திறந்து, அடுத்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அதில் இரண்டு குதிரைகள் இருந்தன. கடைக்காரர் டம்ளர் கழுவப் போய்விட்டார். அவர் ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும். முத்துப்பேச்சி மட்டும் கண்ணெடுக்காமல் கேட்டாள். கத்தரீனாள் அவள் முழங்கையை இடித்தாள். இப்போது சொல்லு என்று அர்த்தம்.

அர்த்தநாரி நோட்டை மூடினார். "நீங்க கதை கேக்கற விதமே வேற மாதிரி இருக்குதுங்கம்மிணி," என்றார். "என்ர படம் பாத்திருப்பீங்க போல. எந்தப் படம் பாத்தீங்க? எதுன்னாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

முத்துப்பேச்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இல்லய்யா," என்றாள். "எங்களுக்குச் சினிமா பாக்கிற வழக்கமே கிடையாது."

திரும்பி வருகிற நான்கு பஸ்ஸிலும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கத்தரீனாள் கேட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு பல வருஷம், நிரையில் நின்றும் கேட்டாள். முத்துப்பேச்சி கடைசி வரை சொல்லவில்லை.